ஐந்து குரலும் ஒரு பியானோவும்

1927-ஆம் ஆண்டு டிசம்பர் மாதம். ஜெர்மனியின் தலைநகராம் பெர்லினில் வெளிவந்துகொண்டிருந்த 'லோக்கல் அன்சைகர்' என்னும் நாளேட்டில் சிறிய விளம்பரம் ஒன்று வந்தது. இருபத்தைந்து வயதுக்கு மேற்படாத, இசைஞானமும் இனிய குரலும் வாய்த்த பாடகர்கள் தேவை. நாள்தோறும் எவ்வளவு நேரம் ஒதுக்க இயலும் என்று தெரிவித்து எழுதுக. அமையவிருப்பது இதற்கு முன் இல்லாத புதுமையானதொரு குழு. இதுவே அதன் சாரம். சம்பளம் இவ்வளவு என்று அதில் குறிப்பிடப்படவில்லை. கொடுப்பதற்கு விளம்பரக்காரரிடம் ஏதேனும் இருந்தால்தானே குறிப்பிடுவதற்கு!

அவர் பெயர் ஹாரி ஃப்ரோமர்மன். வயது இருபத்தொன்று. நடிகனாக விரும்பி, நிலையான வேலை கிட்டாமல், நகரின் ஃப்ரீடனாவ் பகுதியில் ஒரு வீட்டின் கூரையடி அறையில் குடியிருந்தார். தந்தை யூதர்களின் செபக்கூடத்தில் வழிபாட்டுப் பாடல்களை முன்னின்று பாடும் பணியைச் செய்தவர். மகனுக்குப் பாட்டு பிறப்போடு வந்தது; குரல்தான் அவ்வளவாக வரவில்லை. அமெரிக்காவில் 'ரெவலர்ஸ்' என்ற பெயரில் நால்வரும் ஐவருமாகச் சேர்ந்து பாடிய இசைத்தட்டுகள் அந்நாளில் பெர்லினுக்கு வந்திருந்தன. அவற்றைத் திரும்பத் திரும்பக் கேட்ட இளைஞர், ஜெர்மன் மொழியிலும் இவ்வாறு பாட முடியாதா என்று எண்ணினார். பாடகர் ஒருவரும் கையில் இல்லாதபோதே, ஒவ்வொரு குரலுக்கும் உரிய இசைக்குறிப்புகளைத் தாமே எழுதத் தொடங்கிவிட்டார். குழுவைத் தேடியது அதற்குப் பின்புதான்.

விளம்பரத்தைக் கண்டு வந்தவர்கள் சுமார் எழுபது பேர் என்பர். பெரும்பாலோர் வேலையற்றவர்கள், பாடத் தெரிந்தவர்களைவிடப் பசித்தவர்களே மிகுதி. அவர்களுள் ஒருவர் வாய் திறந்ததும் ஃப்ரோமர்மனுக்கு நம்பிக்கை பிறந்தது. அவரே ராபர்ட் பிபெர்ட்டி. ஆழ்ந்த அடிக்குரல், இசை நாடகப் பாடகரின் புதல்வர், பெர்லின் வீடுகளின் உள்முற்றங்களில் நின்று பாடிக் காசு வாங்கிய அனுபவமும் உண்டு. பெரிய நாடக அரங்கு ஒன்றின் பாடற்குழுவில் தம்மோடு பாடிக்கொண்டிருந்த நண்பர்களையும் அவரே அழைத்து வந்தார்.

இவ்வாறு சேர்ந்தவர்களைப் பாருங்கள். முதல் உச்சக்குரல் ஆரி லெஷ்னிகோஃப்; பல்கேரிய நாட்டவர்; முன்னாள் இராணுவ அதிகாரி. நடுத்தரக் குரல் ரோமன் சிகோவ்ஸ்கி. போலந்து நாட்டில் லோட்ஸ் நகருக்கு அருகே பிறந்த யூதர். செபக்கூடப் பாடகராகப் பயின்று, பின் மேடைப் பாட்டை நாடி ஜெர்மனிக்கு வந்தவர். பியானோ வாசித்த எர்வின் போட்ஸ், ஸ்டெட்டின் நகரில் இசைக்கருவிக் கடை வைத்திருந்தவரின் மகன். சில மாதங்கள் கழித்து, முன்பிருந்த ஒருவர் விலக, எரிக் கொலின் இரண்டாம் உச்சக்குரலாக வந்து சேர்ந்தார். பெர்லின் மருத்துவர் ஒருவரின் மகனான இவர் யூத வம்சத்தினர். ஆனால் புரொட்டஸ்டன்ட் சபையில் ஞானஸ்நானம் பெற்றவர். ஆக மூவர் யூத வம்சத்தவர், மூவர் அல்லாதார். 1928-இல் அந்தக் கூரையடி அறையில் இந்தக் கணக்கை எவரும் போட்டுப் பார்த்திருக்க மாட்டார்கள். பிற்காலத்தில் அரசாங்கமே உட்கார்ந்து போட்ட கணக்கு இது.

பல்குரல் இசை என்பது நம் செவிக்குச் சற்று அயலானது. நம் மரபில் பாடுவோர் பத்துப் பேராயினும் மெட்டு ஒன்றே. எல்லாரும் அதைத்தான் பாடுவர். மேலை மரபிலோ ஒரே நேரத்தில் ஒருவர் ஒரு சுரத்திலும், அடுத்தவர் அதற்குக் கீழே வேறொரு சுரத்திலும், மூன்றாமவர் இன்னும் கீழேயும் நின்று பாடுவர். தனித்தனியே கேட்டால் அவற்றுள் சில பாட்டாகவே தோன்றா. சேர்த்துக் கேட்கும்போது மட்டுமே பொருள் விளங்கும். நம் பங்குகளில் கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு நான்கு குரல் பாடல்களைப் பயிற்றுவிக்கும் ஆசிரியர்கள் படும் பாட்டை அறிந்தவர்களுக்கு இது புரியும். அடிக்குரல் பாட வேண்டியவர் இரண்டாம் அடியிலேயே உச்சக்குரலின் மெட்டுக்கு இழுபட்டுவிடுவார். அவரைக் கடிந்துகொண்டு பயனில்லை. தன் சுரத்தை விடாமலும், அடுத்தவர் குரலுக்குச் செவி சாய்த்துக்கொண்டும் பாடுவது உண்மையிலேயே கடினமான செயல்.

பெர்லின் இளைஞர்கள் மேற்கொண்டது இதைவிடக் கடினம். தேவாலயப் பாடற்குழுவில் ஒரு குரலுக்கு எட்டுப் பத்துப் பேர் இருப்பர். ஒருவர் தவறினால் மற்றவர் மறைப்பர். இங்கே ஒரு குரலுக்கு ஒருவர்தான். மறைக்க ஆளில்லை. மேலும், அவர்கள் உரக்கப் பாட விரும்பவில்லை. ஒலிவாங்கியின் துணைகொண்டு மின்வழியில் ஒலியைப் பதிவு செய்யும் முறை 1925 முதல் பரவியிருந்தது. இதனால் முணுமுணுப்புப் போன்ற மெல்லிய பாட்டும் இசைத்தட்டில் துல்லியமாகப் பதியும் நிலை வந்திருந்தது. இந்த மென்மையையே தங்கள் கலையாக்கிக்கொள்ள அவர்கள் முனைந்தனர். அரங்கை அதிரவைக்கப் பழகிய அடிக்குரல்காரர் தம் குரலை அடக்கி, ஏறக்குறைய மூச்சளவாக ஆக்கக் கற்றார். ஆரியின் உச்சக்குரல், எங்கிருந்து வருகிறது என்றே தெரியாதவாறு மேலே மிதந்தது. ஃப்ரோமர்மனின் குரல் இவர்களுள் மிக எளியது. ஆகவே அவர் இடைவெளிகளை நிரப்பினார். எக்காளம், டிரம்போன் முதலிய கருவிகளின் ஒலியை வாயாலேயே எழுப்பினார். சொற்களே இல்லாமல், 'செவில் நகர நாவிதன்' என்ற ரோசினியின் இசை நாடகத்து முகப்பிசையை வாத்தியக் குழு வாசிப்பதுபோல் இந்த ஐவரும் வாயாலேயே பாடியிருக்கிறார்கள்.

மாதக்கணக்கில் ஊதியமின்றி ஒத்திகை நடந்தது. பகலில் ஒத்திகை, இரவில் வயிற்றுக்காக வேறு அரங்குகளில் பாட்டு. முதலில் தங்களைச் சோதித்துப் பார்க்கச் சென்ற 'ஸ்காலா' என்னும் பெரிய கேளிக்கை அரங்கின் நிர்வாகி, இது களிப்பூட்டும் இடம், இழவுப் பாட்டுக்குரிய இடம் அன்று என்னும் பொருள்படக் கூறித் திருப்பி அனுப்பிவிட்டாராம். அடி வாங்கிய பிள்ளைகள்போல் திரும்பினார்கள். ஆயினும் அவர் சொன்னதில் உண்மை இருந்தது. பாட்டில் ஒழுங்கு இருந்தது, உயிர்த் துடிப்பு இல்லை. தாளத்தைத் துள்ளவைத்து, நகைச்சுவையைச் சேர்த்து, மீண்டும் முதலிலிருந்து தொடங்கினார்கள். எரிக் சரெல் என்னும் புகழ்பெற்ற நாடக இயக்குநர் அவர்கள் பாட்டைக் கேட்டு, தம் 'காசநோவா' நிகழ்ச்சியில் இடம் தந்தார். 1928 செப்டம்பரில் அவர்கள் மேடையேறினர். 'காமெடியன் ஹார்மனிஸ்ட்ஸ்' என்ற பெயரும் அவர் இட்டதே. நகைச்சுவைப் பல்குரற் பாடகர்கள் என்று நாம் பெயர்க்கலாம்.

அதன் பின்னர் வந்த ஐந்தாண்டுகளைப் பற்றி நீட்டி எழுத வேண்டியதில்லை. புகழ் என்றால் எல்லா ஊரிலும் ஒரே கதைதான். இசைத்தட்டுகள் விற்றன, வானொலி அழைத்தது, 1930-இல் வெளிவந்த 'பெட்ரோல் நிலையத்து மூவர்' முதலிய திரைப்படங்களில் தோன்றினர். அதே ஆண்டில், வேறு நிகழ்ச்சி எதுவும் கலவாத முழுமாலைக் கச்சேரியை லைப்சிக் நகரில் நடத்தினர். 1932 ஜனவரியில் பெர்லின் ஃபில்ஹார்மனி மண்டபத்தில் பாடினர். பேத்தோவன், பிராம்ஸ் ஆகியோரின் படைப்புகள் முழங்கிய மண்டபம் அது; அங்கே இந்தத் துள்ளல் பாட்டுக்காரர்களைக் கேட்க நகரமே திரண்டது. வசந்தம் வந்ததென வெரோனிகாவை அழைக்கும் பாட்டையும், நல்ல நண்பனின் அருமையைச் சொல்லும் பாட்டையும் ஜெர்மனியில் பாடாத வாய் இல்லை எனலாம். வருவாயைப் பங்காளிகளாய்ப் பகிர்ந்துகொண்டனர். கணக்கு வழக்கைப் பிபெர்ட்டி கவனித்தார். இசைக்குறிப்புகளைப் பெரும்பாலும் ஃப்ரோமர்மன் எழுதினார். சண்டைகளும் இருந்தன. இல்லாத பாடற்குழு எங்கே இருக்கிறது?

1933 ஜனவரியில் ஹிட்லர் ஆட்சிக்கு வந்தார்.

முதலில் வந்தது கதவை உடைத்துக்கொண்டு நுழைந்த காவலர் அல்லர், படிவம். அவ்வாண்டு இலையுதிர் காலத்தில் கலைஞர் அனைவரும் அரசின் பண்பாட்டு மன்றத்தில் உறுப்பினராக வேண்டும் என்று சட்டம் செய்யப்பட்டது. உறுப்பினர் அல்லாதார் மேடை ஏறக்கூடாது. உறுப்பினராவதற்கு ஆரிய வம்சம் என்று சான்று காட்ட வேண்டும். யூத இசையமைப்பாளர் பாடல்களை நீக்குக என்று நிர்ப்பந்தம் எழுந்தது. நண்பனைப் பற்றிய பாட்டுக்கு இசையமைத்த வெர்னர் ரிச்சர்ட் ஹைமன் யூதர்; அவர் ஏற்கெனவே நாட்டைவிட்டு வெளியேறிவிட்டார். ஒப்புக்கொண்ட கச்சேரிகள் ஒன்றன்பின் ஒன்றாக இரத்தாயின. புகழும் அந்நியச் செலாவணியும் சேர்த்துத் தந்த குழு ஆகையால் சிறிது அவகாசம் கிடைத்தது, அவ்வளவே. 1934 மார்ச்சில் ஜெர்மன் மண்ணில் அவர்களுடைய கடைசிப் பொதுக் கச்சேரி நடைபெற்றது.

அவ்வாண்டே அமெரிக்காவுக்குக் கப்பலேறினர். நியூயார்க் துறைமுகத்தில் 'சரடோகா' என்னும் போர்க்கப்பலில், அமெரிக்கக் கடற்படையினருக்காகப் பாடினர். அந்நிகழ்ச்சி வானொலியிலும் ஒலிபரப்பாயிற்று. அங்கேயே தங்கிவிட்டிருந்தால் என்ன? இந்தக் கேள்வி அவர்களுக்குள்ளும் எழுந்தது. பிபெர்ட்டிக்குப் பெர்லினில் வயது முதிர்ந்த அன்னை இருந்தார். இன்னொன்றும் உண்டு: இந்தப் பைத்தியக்காரத்தனம் ஓரிரு ஆண்டுகளில் அடங்கிவிடும் என்று அந்நாளில் நம்பியவர்கள் பலர். ஆறு பேரும் சேர்ந்தே திரும்பினார்கள்.

விந்தை என்னவென்றால், மேடை மூடப்பட்ட பின்னும் இசைத்தட்டு நிலையத்தின் கதவு சிறிது காலம் திறந்தே இருந்தது. மாடி முகப்பில் வளரும் பச்சைக் கள்ளிச்செடியைப் பற்றிய அவர்களுடைய புகழ்மிக்க வேடிக்கைப் பாட்டு 1934-இல் பதிவானது. ஊருக்கு முன் சேர்ந்து நிற்க அனுமதியில்லாத ஆறு பேர், மூடிய அறைக்குள் சேர்ந்து நின்று பாடிய பாட்டு அது. இன்று கேட்டாலும் சிரிப்பு வரும். அதில் அச்சத்தின் சாயல் ஏதேனும் உண்டா என்று நானும் கூர்ந்து கேட்டிருக்கிறேன், கிடைக்கவில்லை. தொழிலை அவ்வளவு செம்மையாகக் கற்றிருந்தார்கள்.

1935 பிப்ரவரியில் அரசின் இசை மன்றத்திலிருந்து மடல்கள் வந்தன. பிபெர்ட்டி, போட்ஸ், லெஷ்னிகோஃப் ஆகிய மூவரும் உறுப்பினராக ஏற்கப்பட்டனர்; ஆனால் ஆரியரல்லாதாரோடு இனிச் சேர்ந்து பாடலாகாது. ஃப்ரோமர்மன், சிகோவ்ஸ்கி, கொலின் ஆகிய மூவரின் விண்ணப்பமும் தள்ளப்பட்டது. கொலின் ஞானஸ்நானம் பெற்ற கிறிஸ்தவர் என்பது அங்கே செல்லுபடியாகவில்லை. பாட்டன் பாட்டியின் வம்சத்தைத்தான் கேட்டார்கள்.

தள்ளப்பட்ட மூவரும் வியன்னாவுக்குச் சென்று, அங்கே புதிய உச்சக்குரலையும் அடிக்குரலையும் பியானோக்காரரையும் தேடிக்கொண்டு, உலகெங்கும் பயணம் செய்தார்கள். இரஷ்யாவிலும் ஆஸ்திரேலியாவிலும் பாடினார்கள். 1938-இல் ஹிட்லரின் படை வியன்னாவுக்குள்ளும் நுழைந்தபோது, திரும்பிச் செல்ல ஊர் இல்லாதவர்களானார்கள். 1941-இல் அமெரிக்காவில் அந்தக் குழு கலைந்தது. பெர்லினில் தங்கிய மூவரும் அவ்வாறே புதியவர்களைச் சேர்த்து, அயற்சொற் பெயர் ஆகாது என்பதால் 'மைஸ்டர்செக்ஸ்டெட்' என்று பெயரிட்டுக்கொண்டு பாடினார்கள். எதைப் பாடலாம், எதைப் பாடக்கூடாது என்பதை அதிகாரிகள் தீர்மானித்தார்கள். 1938-இல் போட்ஸ் விலகினார். எஞ்சியவர்களுக்குள் பூசல் முற்றியது. போர்க்காலத்தில் அந்தக் குழுவும் மறைந்தது.

இங்கே ஒரு வார்த்தை. தங்கிவிட்ட மூவரைக் கூண்டில் ஏற்றுவது இன்று நமக்கு எளிது. அவர்கள் தோழர்களைக் காட்டிக்கொடுத்தார்கள் என்று சொல்வதற்கில்லை. சட்டத்தை அவர்கள் இயற்றவும் இல்லை. ஆனால் சட்டம் தந்த இடத்தில் அமர்ந்துகொண்டார்கள். வெளியேறியவர்களின் இருக்கைகள் காலியாயிருக்க, வேறு ஆட்களை அமர்த்திப் பாட்டைத் தொடர்ந்தார்கள். அந்நாளைய ஜெர்மனியில் ஆசிரியர், மருத்துவர், வழக்கறிஞர் எனக் கணக்கற்றோர் செய்தது இதைத்தான். இவர்களுடையது பாட்டு ஆனபடியால் வேறுபாடு வெளியே கேட்டுவிட்டது.

ஆம், கேட்டுவிட்டது. இரு குழுக்களின் இசைத்தட்டுகளும் இன்றும் உள்ளன. இரண்டும் தேர்ந்த பாடகர்களின் குழுக்களே. வியன்னாக் குழுவிடம் ஃப்ரோமர்மனின் கற்பனை இருந்தது. ஆரியின் மிதக்கும் குரலும் பிபெர்ட்டியின் அடித்தளமும் இல்லை. பெர்லின் குழுவிடம் அந்தக் குரல்கள் இருந்தன. அவற்றைப் பின்னும் கை இல்லை, சிகோவ்ஸ்கியின் நடுக்குரல் தந்த வெதுவெதுப்பும் இல்லை. இழப்பு யாருடைய தொண்டையில் நேர்ந்தது என்று கேட்டால் சொல்ல முடியாது. அந்த நாதம் எவருடைய தொண்டையிலும் இருந்ததில்லை. ஐந்து குரல்களுக்கும் பியானோவுக்கும் இடையே இருந்தது. ஃப்ரோமர்மனின் எளிய குரலை எடுத்துக்கொள்ளுங்கள். தனிப்பாடகராக எந்த அரங்கும் அவரை ஏற்றிருக்காது. அவர் இல்லாத இசைத்தட்டைக் கேட்ட பின்னரே அவர் நின்ற இடம் எது என்று நமக்குத் தெரிகிறது.

போருக்குப் பின் அந்த ஆறு பேரும் ஒரே மேடையில் ஒருமுறைகூட நிற்கவில்லை. ஃப்ரோமர்மன் அமெரிக்கப் படையில் சேர்ந்து, நாஜித் தலைவர்களை விசாரித்த நூரம்பெர்க்கில் மொழிபெயர்ப்பாளராகப் பணிபுரிந்தார். தம்மைத் துரத்திய மொழியில் குற்றவாளிகள் கூறிய சமாதானங்களை எல்லாம் பெயர்த்துச் சொல்லும் வேலை! பின்னர் அமெரிக்காவில் கிடைத்த தொழில்களைச் செய்து, கடைசியில் ஜெர்மனிக்கே திரும்பி, 1975-இல் பிரெமன் நகரில் இறந்தார். கொலின் 1961-இல் லாஸ் ஏஞ்சல்ஸில் காலமானார். ஆரி லெஷ்னிகோஃப் தாய்நாடாகிய பல்கேரியாவுக்குத் திரும்பி, சேர்த்த செல்வமெல்லாம் இழந்து, சோஃபியாவில் எளிய வேலைகள் செய்து வறுமையில் வாழ்ந்தார், 1978-இல் இறந்தார். போட்ஸ் 1982-இலும், பெர்லினை விட்டு அகலாத பிபெர்ட்டி 1985-இலும் மறைந்தனர்.

எபர்ஹார்ட் ஃபெக்னர் என்னும் ஜெர்மன் இயக்குநர், அப்போது உயிரோடிருந்த நால்வரையும் அவரவர் ஊரில் தனித்தனியே சந்தித்துப் பேசவைத்து, 1976-இல் ஒரு தொலைக்காட்சிப் படம் தந்தார். நால்வர் பேச்சையும் துண்டுதுண்டாக வெட்டி, ஒருவர் நிறுத்திய இடத்தில் அடுத்தவர் தொடர்வதுபோல் கோத்திருக்கிறார். நாற்பது ஆண்டுகள் பிரிந்திருந்த கிழவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் காணாமலேயே ஒருவர் பேச்சை ஒருவர் தொடர்கிறார்கள். மறந்துபோயிருந்த அந்தப் பாட்டுகள் மீண்டும் ஜெர்மனியெங்கும் ஒலிக்க அந்தப் படம் பெருங்காரணமாயிற்று. இங்கிலாந்தின் 'கிங்ஸ் சிங்கர்ஸ்' குழுவினர் 1985-இல் அவர்களுக்கு வணக்கமாக ஓர் இசைத்தட்டு வெளியிட்டனர். 1997-இல் யோசஃப் ஃபில்ஸ்மையர் அவர்கள் வரலாற்றைத் திரைப்படமாக்கினார்.

அந்தத் திரைப்படம் வெளிவந்தபோது அறுவருள் எஞ்சியிருந்தவர் சிகோவ்ஸ்கி ஒருவரே. அவருடைய வாழ்க்கை மற்றவர்களுடையதினின்று வேறாகத் திரும்பியிருந்தது. போலந்தில் தம் தந்தை நாஜிகளால் உயிரிழந்தார் என்ற செய்தி எட்டியதும், இனி மேடைப்பாட்டு வேண்டாம் என்று முடிவு செய்தார். இளமையில் தந்தையின் விருப்பப்படி பயின்றுவிட்டு, மேடையை நாடிக் கைவிட்ட பணியை மீண்டும் எடுத்துக்கொண்டார். சான் பிரான்சிஸ்கோ நகரின் செபக்கூடம் ஒன்றில் பல்லாண்டுகள் வழிபாட்டுப் பாடகராக நின்றார். ஓய்வு பெற்றுப் பாம் ஸ்பிரிங்ஸ் நகருக்குச் சென்ற பின்னும், தொண்ணூறு வயதைக் கடந்த பின்னும் பாடிக்கொண்டிருந்தார். செபக்கூடத்தில் வழிபாட்டுப் பாடகர் தனித்தே பாடுவது வழக்கம். 1998 நவம்பரில், தொண்ணூற்றேழாம் வயதில் அவர் காலமானார்.